ரப்பர் கொட்டை யானை

மூன்றாவது நகர்த்தலிலேயே டிங் லிரென் யானையைக் கொண்டுபோய் எஃப்4-இல் வைத்தார்.

2024 டிசம்பர், முதல் ஞாயிற்றுக்கிழமை. ஜோகூர் பாருவில் அண்ணன் மகன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பேரன் கைப்பேசியைக் கோப்பிக் குவளையில் சாய்த்து வைத்து உலகச் சதுரங்கப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் செந்தோசாவில், சென்னைப் பிள்ளை குகேஷ் கறுப்புக் காய்களுடன் ஆடிக்கொண்டிருந்தார். அது ஆறாவது ஆட்டம். “லண்டன் சிஸ்டம், பாட்டி” என்றான் பேரன்.

அவன் சொன்ன பெயர் காதில் விழும் முன்பே என் விரல்கள் அந்த யானையை அடையாளம் கண்டுகொண்டன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வழுவழுவென்று ஒரு ரப்பர் கொட்டை வந்து நின்றது போல இருந்தது.

அன்றிரவு வீட்டுக்குப் போனதும் அலமாரிக்கு மேலிருந்த பழைய மைலோ டின்னை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் மெழுகு, பழைய மரம், மண்ணெண்ணெய் மூன்றும் கலந்த வாடை. பெரியப்பாவின் வாடை. சிக்னல் விளக்குகளைத் துடைத்த அதே துணியால்தான் அவர் சதுரங்கக் காய்களையும் துடைப்பார். டின்னில் முப்பத்தொரு மரக்காய்கள் இருந்தன. முப்பத்திரண்டாவது, ஒரு ரப்பர் கொட்டை. சாம்பல் நிறத்தில் பழுப்புத் திட்டுகள். சோடா மூடியைக் கவிழ்த்து, மெழுகு உருக்கி ஊற்றி, கொட்டை உருளாதபடி அதன்மேல் ஒட்டியிருந்தார் பெரியப்பா. இத்தனை வருடத்தில் மெழுகு விட்டுப்போய் மூடி தனியாகவும் கொட்டை தனியாகவும் கிடந்தன.

அதுதான் எங்கள் வெள்ளை யானை. ராணிக்கு அடுத்தாற்போல் சி1-இல் நிற்பது.

யானை என்று நான் சொல்வதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு மூலையில் நிற்பது யானை, குறுக்குக் கோட்டில் போவது மந்திரி. எங்கள் வீட்டில் மூலையில் நிற்பது தேர், குறுக்கே போவது யானை. மலாய்க்காரர்களும் குறுக்கே போவதை ‘காஜா’ என்றுதான் சொல்கிறார்கள். காஜா என்றால் யானை. மூலைக் காய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தீர்’. இரவுப் பணியில் மலாய்க்கார ஸ்டேஷன் மாஸ்டர் பெரியப்பாவோடு ஆடும்போது, மூலைக் காயைத் தள்ளிக்கொண்டே ‘தீர்’ என்பார். பெரியப்பா என் பக்கம் குனிந்து, “கேட்டியா பாப்பா, நம்ம தேருதான் அது” என்பார். எத்தனை தரம் கேட்டாலும் அவர் முகத்தில் அதே மகிழ்ச்சி. நம் சொல் ஒன்று கடல் தாண்டி வந்து, இன்னொரு மொழிக்காரர் கையில் பத்திரமாக இருக்கிறது என்ற மகிழ்ச்சி அது என்று பிற்பாடு புரிந்துகொண்டேன்.

பெரியப்பா லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தார். வடக்கே ரெங்கம், தெற்கே கூலாய், நடுவில் நாங்கள். கிம்மாசிலிருந்து ஜோகூர் பாரு வரை போகும் அந்தப் பாதை 1909-இல் முடிந்தது. என் சின்ன வயதில் அது ஒற்றைத் தண்டவாளம். சுற்றிலும் பால் மரமும் செம்பனையும். லாயாங் லாயாங் என்றால் மலாயில் பட்டம். தகைவிலான் குருவிக்கும் அதே பெயர்தான். ஆண்டுக் கடைசியில் வடக்கிலிருந்து வரும் தகைவிலான்கள் சாயங்கால நேரத்தில் தந்திக் கம்பி நெடுக வரிசையாக உட்காரும். ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் இதைத்தான் பார்த்திருப்பார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு நிலையத்திலிருந்து சில மைல் தள்ளி ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தது. அப்பா பால் மரம் வெட்டினார். அம்மா செம்பனைக் காட்டில் மகரந்தம் தூவும் வேலைக்குப் போனார். ஆண் பூவின் தூளை முகப்பவுடரில் கலந்து, ஒவ்வொரு மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊதிவிட வேண்டும். சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வரும்போது கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி பவுடர் வாசம் வீசும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து நான் புதுமுக வகுப்புக்குப் போனபோது, பள்ளிக்குப் பக்கம் என்று பெரியப்பாவின் ரயில்வே குவாட்டர்சில் என்னை விட்டார்கள். அப்படித்தான் சதுரங்கம் எனக்கு வந்தது.

நிலையத்தில் வேலை என்பதே காத்திருப்புதான். ஒரு வண்டி போய்விட்டால் அடுத்த மணி அடிக்கும்வரை பெஞ்சில் பலகையை விரித்துவிடுவார் பெரியப்பா. மணி அடித்தால் எழுந்து போவார். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சாவி வைத்திருந்தார்கள். சாவி கையில் இல்லாமல் எந்த வண்டியும் அடுத்த நிலையத்துக்குப் புறப்படக் கூடாது. தோல் பையில் சாவியைப் போட்டு, பெரிய வளையத்தில் அதை மாட்டி, மேடையோரம் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்பார். நிற்காமல் போகும் மெயில் வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு பழைய வளையத்தை எறிந்துவிட்டுப் புதிய வளையத்தைப் பறித்துக்கொண்டு போகும். அந்தக் காற்றில் பெரியப்பாவின் காக்கிச் சட்டை பின்பக்கம் புடைத்துக்கொள்ளும். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, “எங்க விட்டோம்?” என்பார்.

அவருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் இருவர். முதலில் அவருடைய அப்பா, என் தாத்தா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் ஆடியது ஊர் ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். இரண்டாமவர், சிங்கப்பூரிலிருந்து வண்டியோடு வரும் ஒரு தமிழ் கார்டு. உலக விதிப்படி ஆடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், பர்மாவில் பிறந்த மானுவல் ஆரோன் என்ற தமிழர் 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார் என்ற செய்தியைக் கொண்டுவந்து சொன்னதும் அவர்தான். வெள்ளைக் காய் கிடைத்தால் எப்படித் தொடங்க வேண்டும் என்று ஒரு வரிசையையும் அவர் காட்டியிருந்தார். அதற்குப் பெயர் சொல்லவில்லையோ, பெரியப்பா மறந்துவிட்டாரோ, எங்கள் வீட்டில் அது பெயரில்லாமலே புழங்கியது.

அந்த வரிசை இதுதான். ராணிக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி டி4-இல் வை. ராஜா பக்கத்துக் குதிரையை எடு. அடுத்து இ3-இல் சிப்பாய் வந்தால் வாசல் அடைபட்டுவிடும், அதனால் அதற்கு முன்னாலேயே யானையை எஃப்4-க்கு அனுப்பிவிடு. யானை போனபின் இ3 வை. இப்போது டி4-க்கு இ3 முட்டு, இ3-க்கு எஃப்2 முட்டு. மற்ற யானையை இ2-இல் வைத்து, ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பு. எதிராளி என்ன ஆடினாலும் ஏறக்குறைய இதே வீட்டைக் கட்டிவிடலாம். சீக்கிரம் ஜெயிக்கும் ஆட்டம் இல்லை இது. சீக்கிரம் தோற்காத ஆட்டம்.

நடுவில் ஒரு சின்ன நகர்த்தல் உண்டு. ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம், எச்3. அது எதையும் வெட்டாது, யாரையும் மிரட்டாது. பதின்மூன்று வயதில் எனக்கு அது வீணாகத் தெரிந்தது.

அப்போது பட்டணத்துப் பிள்ளைகளிடம் பாபி ஃபிஷர் மோகம் இருந்தது. 1972-இல் ரெய்க்யவிக்கில் அவர் ஸ்பாஸ்கியைத் தோற்கடித்த கதை இன்னும் சூடு ஆறவில்லை. ஃபிஷருக்குப் பிடித்த கறுப்பு ஆட்டம் கிங்ஸ் இந்தியன் தற்காப்பு. பள்ளியில் என்னோடு ஆடிய எல்லாரும் அதையே ஆடினார்கள். குதிரை எஃப்6-இல், சிப்பாய் ஜி6-இல், அதற்குப் பின்னால் ஜி7-இல் யானை, உடனே கோட்டை, பிறகு டி6. முதலில் நடுப்பலகையை வெள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நேரம் பார்த்து இ5 என்று மோதுவார்கள். பதுங்கிப் பாயும் ஆட்டம்.

ஒருநாள் பொறுமையில்லாமல் எச்3-ஐ விட்டுவிட்டு ஆடினேன். எதிராளியின் குதிரை எச்5-க்குத் தாவி என் யானையைக் கேட்டது. யானை ஜி5-க்குப் போனது, எச்6 என்று சிப்பாய் வந்தது. எச்4-க்குப் போனது, இன்னொரு சிப்பாய் ஜி5-க்கு வந்தது. கடைசியில் ஜி3-இல் குதிரையிடம் யானையைக் கொடுத்தேன். அதன்பின் ஜி7-இல் பதுங்கியிருந்த கறுப்பு யானைக்கு எதிர்நிற்க என்னிடம் ஆள் இல்லை. ஆட்டமும் போனது.

சாயங்காலம் பெஞ்சில் அந்த ஆட்டத்தைத் திரும்ப வைத்துக் காட்டினேன். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து, “வா” என்று மேடையின் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு சரக்கு வண்டி லூப் லைனில் ஒதுங்கி நின்றது. செம்பனை எண்ணெய் டாங்கிகள், நீளமாக. சற்று நேரத்தில் நடுப்பாதையில் மெயில் தடதடவென்று கடந்து போனது. அது போய்ச் சிக்னல் இறங்கியதும், சரக்கு வண்டி மெல்ல அசைந்து தன் வழியில் கிளம்பியது.

“ஒத்தத் தண்டவாளத்துல வண்டி விடுறதுன்னா, ஒதுங்க லூப் இருக்கான்னு மொதல்ல பாக்கணும் பாப்பா. எச்3 போட்டா எச்2 காலியாவுது. அதான் யானைக்கு லூப்பு.”

பலகைக்குத் திரும்பியதும் ரப்பர் கொட்டையை எஃப்4-இலிருந்து எச்2-க்கு இழுத்துக் காட்டினார். சோடா மூடி பலகையில் உரசிய சத்தம் இன்னும் கேட்கிறது. ஓரத்தில் ஒடுங்கி நின்றாலும் அதன் பார்வை அதே கோட்டில்தான் இருந்தது: ஜி3, எஃப்4, இ5, டி6. ஒதுங்கிய இடத்திலிருந்தும் அது தன் வேலையை விடவில்லை.

1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டு கொண்டுவந்தார்கள். செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கும் வண்டு. நாட்டில் முதன்முதலில் அதைக் காட்டில் விட்டது எங்கள் குளுவாங் மாவட்டத்தில்தான். சீக்கிரமே எல்லாத் தோட்டங்களிலும் அது பரவியது. விளைச்சல் கூடியது, நாட்டுக்கு அது பெரிய வரவு. பெண்கள் பவுடர் ஊதி நடந்த வேலைக்குத் தேவை இல்லாமல் போனது. அதே சமயத்தில் அப்பா வெட்டிய பழைய பால் மரங்களையும் சாய்த்து மறுநடவு செய்யத் தொடங்கினார்கள். வேறு இடத்தில் வேலை சரியாகும்வரை அப்பா, அம்மா, அண்ணன், தம்பி எல்லாரும் பெரியப்பாவின் குவாட்டர்சுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டே அறை. பெரியப்பாவும் பெரியம்மாவும் வாசல் தாழ்வாரமான அஞ்சடியில் பாய் போட்டுப் படுத்தார்கள். நான்கு மாதம்.

ஒரு ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னார், “ஒங்களுக்கு பாரமா வந்து ஒக்காந்துட்டோம் மாமா.” பெரியப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “லூப்புல நிக்கிற வண்டிய யாரும் பாரம்னு சொல்றதில்லம்மா. மெயில் போனதும் அதும் கெளம்பிரும்” என்றார். பெரியம்மா அம்மாவின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். யாரும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. அந்த வார்த்தை இல்லாமல் எங்கள் அம்மா அந்த நான்கு மாதத்தைத் தலை நிமிர்ந்து கடந்திருக்க மாட்டார்.

அந்த ஆண்டுதான் குளுவாங்கில் பள்ளிகளுக்கிடையே சதுரங்கப் போட்டி நடந்தது. ரப்பர் கொட்டையைப் பினபோர் பையில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே எல்லாம் புதுப் பிளாஸ்டிக் காய்கள். மூன்றாவது சுற்றில் எதிரே உட்கார்ந்தவன் பட்டணத்துப் பையன், புத்தகம் படித்தவன். என் வெள்ளைக்கு அவன் கிங்ஸ் இந்தியன் ஆடினான். ஆறாவது நகர்த்தலில் எச்3 வைத்தேன். அவன் குதிரை எச்5-க்கு வந்தது. என் யானை எச்2-க்குப் போய் நின்றது. அவன் இ5, எஃப்5 என்று ராஜா பக்கம் சிப்பாய்களைத் திரட்டினான். நான் மறுபக்கம் சி சிப்பாயை மெல்ல ஐந்தாம் வரிசைவரை கொண்டுபோய் டி6-இல் மாற்றிக்கொண்டேன். அவன் சி7 சிப்பாய் அந்த இடத்துக்கு வந்தது. ரொம்ப நேரம் என் யானைக்கு வேலையே இல்லை. முன்னால் இ5-இல் அவன் சிப்பாய் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

பிறகு என் கோட்டையை நெருங்கும் அவசரத்தில் அந்தச் சிப்பாயை இ4-க்குத் தள்ளினான். பாதை திறந்தது. எச்2-இல் நின்ற யானை நான்கு கட்டம் தாண்டி டி6 சிப்பாயை எடுத்தது. பின்னால் எஃப்8-இல் இருந்த தேரையும் குறி வைத்தது. தேர் ஒதுங்கியது. எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல், டி கோட்டில் தடுக்க ஆளில்லாத வழி. அந்தச் சிப்பாயை எட்டாவது வரிசைக்குக் கொண்டுபோகும்வரை பையிலிருந்த கொட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பணி முடித்துப் பெரியப்பா மத்தியான வண்டியில் வந்து சேர்ந்தார். குளுவாங் நிலையத்துக் கோப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். 1938-லிருந்து இருக்கும் கடை. கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, காயா, அரைவேக்காட்டு முட்டை. மேசையில் ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாகச் சொன்னேன். அவர் இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எச்3 எப்ப வெச்ச?” “ஆறாவது, பெரியப்பா.” தலையை ஆட்டிவிட்டுத் தன் தட்டிலிருந்த ரொட்டியையும் என் தட்டுக்கு நகர்த்தினார்.

எங்கள் வரிசைக்குப் பெயர் உண்டு என்று பல வருடங்கள் கழித்துத்தான் படித்தேன். 1922-இல் லண்டனில் நடந்த பெரிய போட்டியில், காப்பாபிளாங்கா முதலிடமும் அலெகைன் இரண்டாமிடமும் பெற்ற அந்தப் போட்டியில், இந்த அமைப்பைப் பலர் ஆடியதால் லண்டன் என்று பெயர். கறுப்பின் ஆட்டத்துக்கு இந்தியன் என்ற பெயர் வந்த கதையையும் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளியார் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரரோடு நிறைய ஆடினார். சிப்பாயை ஒரு கட்டமாக நகர்த்திப் பழகிய கையோடு, ஜி6 வைத்து ஜி7-இல் யானையை நிறுத்தி அவர் ஆடிய முறைகளிலிருந்து வந்தது இந்தியன் என்ற பெயர். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எதிர்த்து ஆடிய அந்தத் தற்காப்பு என் தாத்தா ஆடிய ஊர் ஆட்டத்தின் சொந்தம். பெரியப்பா இருந்திருந்தால் ‘தேர்’ என்ற சொல்லுக்கு மகிழ்ந்தது போல இதற்கும் மகிழ்ந்திருப்பார்.

அவர் ஓய்வு பெற்றபின், 1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன செய்தி பத்திரிகையில் வந்தது. அதைக் கத்தரித்து மடித்து மைலோ டின்னில் வைத்தார். அது இன்னும் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து. குகேஷ் அந்த டிசம்பரிலேயே, பதினெட்டு வயதில், உலகப் பட்டம் வென்ற செய்தியையும் அதன்மேல் வைத்திருக்கிறேன்.

போன மாதம் பேரனை லாயாங் லாயாங்குக்கு அழைத்துப் போனேன். இப்போது அங்கே இரட்டைத் தண்டவாளம், மேலே மின்கம்பி, புது நிலையம். எதிர் வண்டிக்காக எந்த வண்டியும் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல மாற்றம், பெரியப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். வளையத்தைத் தூக்கிப் பிடித்து அவர் நின்ற இடத்தை மட்டும் என்னால் குறித்துக் காட்ட முடியவில்லை. தகைவிலான்களைக் காட்டினேன். அவை இன்னும் வருகின்றன.

வீட்டுக்கு வந்து பலகையை விரித்தோம். பேரன் கணினியில் பழகியவன். லண்டன் வரிசையை ஒரு மூச்சில் ஆடிவிடுகிறான். எச்3 வரும்போது, “எல்லாரும் வைக்கிறாங்க, ஆனா இது எதுக்கு பாட்டி?” என்றான். ரப்பர் கொட்டையை எஃப்4-இலிருந்து எச்2-க்கு இழுத்துக் காட்டி, லூப் லைனைச் சொன்னேன். டாங்கி வண்டியை, வளையத்தை, மெயில் போகும் காற்றை, அந்த நான்கு மாதத்தைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே கொட்டையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்துவிட்டு ஓடுவோம். அதை அவனுக்குச் செய்து காட்டினேன். அவன் வாங்கி, அஞ்சடித் தரையில் மண்டியிட்டு மும்முரமாகத் தேய்த்தான். நாற்பது வருடத்துக்கு மேல் டின்னில் கிடந்த கொட்டை; சூடேறுமா என்று எனக்கே சந்தேகம். ஓடி வந்து என் புறங்கையில் வைத்தான்.

சுட்டது.